இருக்கிற கொட்டாயில் புதுச் சரக்கு

(வானொலியின் வேளாண் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு. பேசியவர் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் வெல்லக் கொட்டாய் நடத்தும் ஒரு விவசாயி.)



நான் பாப்பிரெட்டிப்பட்டிக்காரன். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற வாணியாற்றுத் தண்ணீரையும், போர் தண்ணீரையும் நம்பிக் கரும்பு, மரவள்ளி, மஞ்சள் என்று வைக்கிறவன். என் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு ஒரு வெல்லக் கொட்டாய் உண்டு. பண்ணையில் விளைவதைப் புதுச் சரக்காக்கி விற்க வேண்டும் என்று இன்றைக்கு எல்லோரும் சொல்லுகிறார்கள். மதிப்புக் கூட்டுதல் என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டவுடன் நம் கை முதலில் போகிறது மிஷின் விலைப்பட்டியலுக்கு. அங்கேதான் நான் விழுந்தேன். விழுந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னால், பங்காளிகளும் மச்சானுமாக நாங்கள் நாலு பேர் சேர்ந்து கடன் வாங்கினோம். வெல்லத்தை நேர் நெருப்பில் காய்ச்சாமல் நீராவியில் காய்ச்சுகிற ஒரு சாதனத்தை வாங்கினோம். விற்ற கம்பெனியின் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் மட்டும் குற்றமும் இல்லை. காட்டிய இடத்தில் அது நன்றாகத்தான் ஓடியது. எங்கள் ஊருக்கு வந்ததும் என்ன ஆச்சு? எங்கள் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். வீட்டில் வெந்நீர் வைக்கிற பானையிலேயே வெள்ளையாகப் படிவு நிற்கும். அதே தண்ணீர் நீராவிக் கொதிகலனுக்குள் போனால் குழாய்க்குள் சுண்ணாம்பு கட்டாதா? ஒரு பருவம் முடிவதற்குள் கட்டிவிட்டது. தண்ணீரை மென்மையாக்க இன்னொரு சாதனம் வேண்டும் என்றார்கள். கொதிகலனைப் பார்த்துக்கொள்ளத் தேர்ந்த ஆள் வேண்டும் என்றார்கள். மும்முனைக் கரண்டு இத்தனை மணி நேரம் விடாமல் வேண்டும் என்றார்கள். எங்களிடம் இருந்தது கரும்பும் ஆசையும்தான். இன்றைக்கு அது தார்ப்பாய் போர்த்திக் கொட்டாய்க்குப் பின்னால் நிற்கிறது. கோழி அதன் கீழே முட்டையிடுகிறது.

கடனைக் கட்டிக்கொண்டே ஒரு நாள் கொட்டாயில் உட்கார்ந்திருந்தேன். எங்களிடம் இருபது முப்பது வருஷமாகக் காய்ச்சுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சொன்னார்: “மாப்ளே, மிஷினுக்கு ஏத்த சரக்கத் தேடி நாம ஓடுனோம். நம்மகிட்ட இருக்கற அடுப்புக்கு ஏத்த சரக்கு என்னான்னு ஒரு நாளும் யோசிக்கலியே?” அந்த ஒரு கேள்வியைத்தான் இன்றைக்கு உங்களிடமும் கொண்டுவந்திருக்கிறேன்.

மறுநாள் பள்ளிக்கூடப் பையன் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கொட்டாயைச் சுற்றி வந்தோம். இருப்பதை எல்லாம் எழுதினோம். மூன்று உருளைக் கரும்புப் பிழிவான், அதற்கு மோட்டார். இரும்புக் கொப்பரை. சக்கை எரிக்கிற குழி அடுப்பு. பாகை ஊற்றி ஆறவைக்கிற மரத்தொட்டி. மர மண்வெட்டி, துடுப்பு, வடிதுணி. சக்கை காயப்போடுகிற களம். இதெல்லாம் பொருள். அப்புறம் ஆள்களை எழுதினோம். மாமாவுக்குப் பாகின் பதம் கண்ணாலேயே தெரியும். கம்பிப் பதம், உருட்டுப் பதம், உடைபதம் எல்லாம் அவருக்கு அத்துபடி. உருண்டை பிடிக்கிற பெண்களின் கை வேகம் எந்த மிஷினுக்கும் இல்லை. அதையும் எழுதினோம். கடைசியில் இல்லாததை எழுதினோம்: குளிர்சாதனம் இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, ராத்திரிக் கரண்டுக்கு உத்தரவாதம் இல்லை. இந்த ‘இல்லை’ப் பட்டியல் ரொம்ப முக்கியம். எந்தச் சரக்கு நமக்கு ஆகாது என்பதை அது முதலிலேயே சொல்லிவிடும்.

உதாரணத்துக்கு, பாட்டில் கரும்புச் சாறு. கரும்பு நம்முடையது, பிழிவான் நம்முடையது, காய்ச்சுகிற வேலைகூட இல்லை, இதைவிட எளிது எது என்று தோன்றும். ஆனால் பிழிந்த சாறு சில மணி நேரத்திலேயே புளிக்க ஆரம்பிக்கிறது. அதைக் கெடாமல் வைக்க அளவாகச் சூடேற்ற வேண்டும், உடனே குளிர்விக்க வேண்டும், சுத்தமான பாட்டிலில் அடைக்க வேண்டும், குளிரிலேயே கடைவரைக்கும் கொண்டுபோக வேண்டும். பார்வைக்குப் பக்கத்தில் இருக்கிற சரக்கு, வசதியைக் கணக்குப் பார்த்தால் எங்கோ தூரத்தில் இருக்கிறது. அதை அடித்துவிட்டோம்.

பிறகு கொப்பரையையே உற்றுப் பார்த்தோம். பெருமக்களே, ஒரே சாறு, ஒரே கொப்பரை, ஒரே அடுப்பு. பாகை எந்தச் சூட்டில் இறக்குகிறோம் என்பதை மாற்றினால் சரக்கே மாறிவிடுகிறது. 105, 106 டிகிரி சென்டிகிரேடில் இறக்கினால் தேன் மாதிரிப் பாகு. 116 முதல் 118 டிகிரியில் இறக்கினால் நாம் வழக்கமாகச் செய்கிற உருண்டை, அச்சு வெல்லம். 120 முதல் 122 டிகிரி வரை போய் இறக்கினால் தூள் வெல்லம், அதாவது நாட்டுச் சர்க்கரை. பதினேழு டிகிரிக்குள் மூன்று சரக்கு! இதற்காக நாங்கள் புதிதாக வாங்கியது ஒரே ஒரு வெப்பமானி. எஃகுக் கம்பி வைத்ததாக வாங்குங்கள். கண்ணாடி வெப்பமானி கொப்பரையில் உடைந்தால் அந்தக் கொப்பரைச் சரக்கு முழுவதும் குப்பைக்குத்தான். மாமா முதலில் அதைக் கேலி செய்தார். அவர் கண் பார்த்துச் சொன்ன பதத்துக்கும் வெப்பமானி காட்டியதற்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லை என்று கண்ட பிறகு, அதைத் தானே துடைத்துப் பத்திரமாக வைக்கிறார்.

தூள் வெல்லத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் கைப்பாடு அதிகம். சாற்றைத் துணியில் வடிகட்டிக் கொப்பரையில் ஏற்றி, சூடேறி வரும்போது சுண்ணாம்புத் தெளிவு நீர் விட்டுச் சாற்றின் புளிப்பைக் குறைக்க வேண்டும். காரகாடித் தாள் என்று கடையில் கிடைக்கும், அதில் 6.0 முதல் 6.2 வரை காட்டினால் போதும். அதிகம் விட்டால் நிறம் கறுக்கும். வெண்டைத் தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழப்பை விட்டால் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும், வழித்துப் போடலாம். கடைசிக் கட்டத்தில் தீயைக் குறைத்துவிடுங்கள். 118-லிருந்து 121-க்குப் போகிற நேரம் கொஞ்சம்தான், அதற்குள் அடி பிடித்தால் கசக்கும். இறக்கிய பாகை மரத்தொட்டியில் பரப்பி, சிறிது ஆறியதும் மர மண்வெட்டியால் விடாமல் புரட்ட வேண்டும். முதலில் சேறு மாதிரி இருக்கும், பிறகு முறுகும், திடீரென்று பொலபொலவென்று உதிரும். அந்த நேரம் பார்க்க அழகாக இருக்கும். அதை 3 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, ஈரம் 2 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை உலர்த்தி, காற்றுப் புகாத பையில் அடைக்க வேண்டும். ஈரம் அவ்வளவு குறைந்துவிட்டால் மழைக்காலத்தில் உருண்டை வெல்லம் கசிந்து ஒழுகுகிற மாதிரி இது ஒழுகாது. பொங்கலுக்கு மேல் விலை விழும்போது விற்றுத் தொலைக்கத் தேவையில்லை, வைத்து விற்கலாம்.

ஆனால் எல்லாக் கரும்பிலும் தூள் வராது. கரும்பு முற்றியிருக்க வேண்டும், வெட்டிய அன்றைக்கே பிழிய வேண்டும். வெட்டிப் போட்டு ஒரு நாள், இரண்டு நாள் வெயிலில் கிடந்தால், கரும்புக்குள் இருக்கிற நல்ல சர்க்கரை உடைந்து, உறையாத சர்க்கரையாக மாறிவிடுகிறது. காற்றில் சாய்ந்து கணு வேர்விட்ட கரும்பிலும் அப்படித்தான். அந்தச் சாற்றை எவ்வளவு காய்ச்சினாலும் பசை மாதிரி இழுக்குமே தவிர உதிராது. எங்கள் பக்கம் கோ 86032 ரகம் நிறைய. வெல்லத்துக்கு நல்ல ரகம்தான், ஆனால் நல்ல ரகமும் வெட்டிப் போட்டு வைத்தால் கெட்டுத்தான் போகும்.

இங்கேதான் பாகு கைகொடுக்கிறது. உறையாத தன்மை உருண்டைக்குக் குற்றம், பாகுக்கு அதுவே குணம். பாகு பாட்டிலில் உறைந்து கல்லாகிவிடக் கூடாது அல்லவா? அதனால் சாய்ந்த கரும்பைத் தனியாகப் பிரித்துப் பாகுக்கு விடுகிறோம். கெட்டுப் புளித்த கரும்பைச் சொல்லவில்லை, அது எதற்கும் ஆகாது. மராட்டியத்தில் இந்தப் பாகைக் காக்கவி என்பார்கள், கர்நாடகத்தில் ஜோனி பெல்ல என்பார்கள். அங்கெல்லாம் ரொட்டிக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்வது பழைய பழக்கம். 100 கிலோ பாகுக்கு 40 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் உறையாமல் நிற்கும். கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள், உணவுத் தரம் என்று பார்த்து வாங்குங்கள். பாகை மூடிய பாத்திரத்தில் 8, 10 நாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கிவிடும். மேலே இருப்பதைக் குழாய் போட்டு இறக்கி, சுத்தமாகக் காய்ந்த பாட்டிலில் அடைக்க வேண்டும். பாட்டிலில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும்.

மூன்றாவதாக, சின்ன வெல்லம். அதே 118 டிகிரிப் பாகு, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, ஒரு வாய்க்கு ஆகிற மாதிரி சின்ன அச்சில் ஊற்றியது. மர அச்சை எங்கள் ஊர்த் தச்சரே கடைந்து கொடுத்தார். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, செய்வது எளிது, பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.

இந்த மூன்றிலும் நாங்கள் வைத்துக்கொண்ட ஒரு கட்டுப்பாடு உண்டு. அதுதான் என் பேச்சிலேயே முக்கியமான இடம். புதுச் சரக்கும் பழைய சரக்கும் முக்கால் வழி ஒன்றாகவே வர வேண்டும், கடைசியில்தான் பிரிய வேண்டும். பிரிந்த பிறகும் திரும்பிவர ஒரு வழி இருக்க வேண்டும். தூள் சரியாக உதிரவில்லையா? அடுத்த கொப்பரைச் சாற்றில் கரைத்து உருண்டையாகப் பிடித்துவிடலாம். சல்லடையில் நிற்கிற கட்டியும் அப்படியே. சின்ன வெல்லத்துக்கு ஆள் வரவில்லையா? சுக்கு சேர்க்கிறதுக்கு முன்னால் எல்லாம் உருண்டைதான். ஆனால் பாகில் எலுமிச்சை உப்பு விழுந்துவிட்டால் திரும்பி வழி கிடையாது. அதை மறுபடி காய்ச்சினாலும் நல்ல உருண்டை பிடிக்க வராது. ஆகவே பாகை மட்டும் முன்பணம் கொடுத்துக் கேட்டவருக்குத்தான் காய்ச்சுகிறோம். முதல் வருஷம் இது தெரியாமல் ஒரு கொப்பரை பாகு தங்கிப்போய், உறவுமுறை வீடுகளுக்கெல்லாம் பாட்டில் பாட்டிலாக அனுப்பினோம். என் சின்னம்மா இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

இப்படி இருக்கிற சாதனத்துக்குச் சரக்கைக் கண்டுபிடிப்பது நமக்குப் புதுசு இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் சேலத்தைப் பாருங்கள். நம் மரவள்ளிக் கிழங்கு போகிற ஜவ்வரிசி ஆலைகள் எப்படி வந்தன? ஜவ்வரிசி என்பது மலேயாப் பக்கத்தில் ஒரு வகைப் பனைமரத்தின் சோற்றிலிருந்து எடுத்த மாவில் உருட்டியது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்றது, சரக்கும் நின்றது. 1943-இல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவு எடுக்கும் தொழிலைத் தொடங்கினார். மலேயாவில் ஜவ்வரிசித் தொழில் பார்த்துப் பழகிய போபட்லால் ஷா அவரோடு சேர்ந்தார். பனை இங்கே இல்லை, மிஷினும் இல்லை. இருந்தது மரவள்ளிக் கிழங்கும், தொட்டியும், துணியும், வறுக்கிற சட்டியும். கிழங்கை அரைத்து, பாலை வடித்து, படியவிட்டு, ஈர மாவைத் துணியில் குலுக்கி மணியாக்கி, சட்டியில் வறுத்தார்கள். குடிசைத் தொழிலாகத் தொடங்கியது மாவட்டத் தொழிலாக வளர்ந்தது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்த ஆலைக்குள் நடந்த இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மணியை வறுத்தால் சாதா ஜவ்வரிசி. அதே மணியை வறுக்காமல் நீராவியில் வேகவைத்துக் காயப்போட்டால் நைலான் ஜவ்வரிசி. குலுக்கும் வரை இரண்டும் ஒன்றுதான். நீராவி வந்துவிட்டதா, உடனே அடுத்தது: ஈர மணியை வட்ட அச்சில் பரப்பி, தட்டோடு நீராவியில் வேகவைத்து, அதே களத்தில் காயப்போட்டால் பொரிக்கிற ஜவ்வரிசி வத்தல். குலுக்குகிற சாதனம் பழசு, நீராவி பழசு, களம் பழசு. புதிதாக வந்தது அச்சும் தட்டும்தான். நம்மில் மரவள்ளி வைக்கிறவர்கள் கிழங்கு விலைக்காக ஆலையை மட்டும் எதிர்பார்த்து நிற்கிறோம். ஆலைக்காரர் வாங்குகிற மாவில் இப்படி இரண்டு மூன்று சரக்குக்கு இடம் இருந்தால், ஒன்றின் விலை விழும்போது மற்றொன்று தாங்கும், அந்தத் தாங்கல் கிழங்கு விலைக்கும் கொஞ்சமாவது வரும். தாங்காத வருஷமும் உண்டு, அதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

வெல்லத்துக்கே வெளிநாட்டு உதாரணமும் ஒன்று இருக்கிறது. தென் அமெரிக்காவில் கொலம்பியா என்று ஒரு நாடு. மலைச் சரிவில் நம்மைப் போலச் சின்னச் சின்னக் கொட்டாய் வைத்து வெல்லம் காய்ச்சுகிறார்கள், பனேலா என்று பெயர். அவர்களுக்கும் பழைய வழக்கம் கட்டிதான். அதே கொட்டாயில், அதே வரிசைக் கொப்பரையில், பாகைக் கூடுதல் பதத்தில் இறக்கித் தொட்டியில் அடித்துத் தூளாக்கி விற்கக் கற்றுக்கொண்டார்கள். அழுக்கெடுக்க அவர்களும் கொழகொழப்பான மரப்பட்டையைத்தான் போடுகிறார்கள், நாம் வெண்டைத் தண்டு போடுகிற மாதிரியே. வெளுப்பாக்குகிற ஹைட்ரோஸை 2006-ஆம் ஆண்டு விதியில் அங்கே தடை செய்துவிட்டார்கள்.

ஹைட்ரோஸ் என்றதும் நம் கதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மண்டியில் வெளுத்த வெல்லத்துக்கு விலை, பழுப்பு வெல்லத்துக்குப் பேச்சு. அதனால் நம்மில் பலர் ஹைட்ரோஸ் போடுகிறோம், சிலர் சீனியையும் கலக்கிறோம். வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அதிகாரி வந்து மாதிரி எடுத்தால் மாட்டுகிறவன் காய்ச்சினவன்தான், வெளுப்பு கேட்டவன் இல்லை. தூளும் பாகும் வாங்க வருகிறவர்கள் பழுப்பையே கேட்கிறார்கள். வெளுப்புக் கேட்காத வாடிக்கைக்காரரைத் தேடிப் போனதும் இந்தச் சரக்குகளின் ஒரு லாபம் என்றே நான் நினைக்கிறேன்.

இனி கணக்கு. கணக்கில்லாத யோசனை காற்றில் தூற்றின பதர். இதில் வருகிற விலை எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டது, உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் கரும்பில் சுமார் 100 கிலோ உருண்டை வெல்லம் வரும் என்று வைப்போம். கிலோ 50 ரூபாய் என்றால் 5,000 ரூபாய். அதே சாற்றைத் தூளாக்கினால், கூடுதல் ஈரம் 3 கிலோ போய்விடும், சல்லடையில் நிற்கிற கட்டி 12 கிலோ, பைக்கு வருகிற தூள் 85 கிலோ. கட்டி திரும்பக் கொப்பரைக்குப் போவதால் அதற்கு 600 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். பாக்கி 4,400. புரட்டிச் சலிக்க இரண்டு ஆள் கூலி 800, பை கிலோவுக்கு 3 ரூபாய் வீதம் 255. மொத்தம் 5,455. அதை 85-ஆல் வகுத்தால் 64 ரூபாய் சொச்சம். ஆக, தூளை 65 ரூபாய்க்குக் குறைத்து விற்றால் உருண்டையே மேல்.

பாகுக்கு வருவோம். பாகில் தண்ணீர் அதிகம் நிற்பதால் எடை கூடும், ஏறக்குறைய 140 கிலோ வரும். அடிக்கசடு 10 கிலோ போனால் 130. ஒரு கிலோ பாட்டில் 15 ரூபாய் வீதம் 1,950. ஆள் கூலி 400. வெல்லத்தின் 5,000-த்தோடு சேர்த்து 7,350. கிலோ அடக்கம் 57 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. சீக்கிரம் இறக்குவதால் சக்கை மிச்சம், நேரம் மிச்சம். ஆனால் பாருங்கள், கூடுதல் செலவில் பெரும்பகுதி பாட்டிலுக்குத்தான் போகிறது. பாட்டிலை மொத்தமாக வாங்கினால் அடக்கம் இறங்கும், பாட்டில் உடைந்தால் ஏறும். கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதில் எங்கள் வீட்டிலேயே இன்னும் சண்டை தீரவில்லை.

இந்த அடக்க விலைக்கு மேல் எவ்வளவு வைத்து விற்பது என்பது உங்கள் சாமர்த்தியம். ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்தக் கணக்கில் மிஷின் வட்டி என்ற வரியே இல்லை. எங்கள் நீராவிச் சாதனத்துக்கு இதே கணக்குப் போட்டிருந்தால் முதல் வரியே வட்டியாக இருந்திருக்கும், கொட்டாய் ஓடாத ஏழெட்டு மாதத்துக்கும் சேர்த்து.

கொட்டாய் இல்லாதவர்கள் கேட்பீர்கள், எங்களிடம் என்ன இருக்கிறது என்று. ஊருக்கு ஒரு மாவு மில் இருக்கிறதே. கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்தால் சத்து மாவு. மில்லுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். ஆனால் மிளகாய் அரைத்த கல்லில் அதை அரைத்தால் குழந்தை துப்பிவிடும். மில்காரரிடம் பேசி வாரத்தில் ஒரு நாள், கல்லைத் துடைத்து, முதலில் இரண்டு படி அரிசி போட்டு ஓட்டிவிட்டு, அப்புறம் அரைக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சாமை வைக்கிற சித்தேரி மலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: நெல் அரைக்கிற ஹல்லரில் சாமையைப் போட்டால் நொய்யாகத்தான் வரும். அதை அரிசி என்று விற்றால் விலை அடிபடும். நொய்யை ரவையாகச் சலித்து உப்புமாவுக்கு என்று விற்றால் அதற்கு ஒரு பெயர் கிடைக்கும்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு பதிவு செய்தவர்கள், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்தக் கரும்பைக் கொட்டாய்க்குத் திருப்பாதீர்கள். பதிவுக் கரும்பு ஆலைக்குத்தான் போக வேண்டும். அங்கே விலைக்கு ஒரு அடித்தளம் இருக்கிறது. 2025-26 பருவத்துக்கு, சர்க்கரைக் கட்டுமானம் 10.25 சதவீதம் இருந்தால் குவிண்டாலுக்கு 355 ரூபாய் என்று மத்திய அரசு நிர்ணயித்தது. கொட்டாய்க் கரும்புக்கு அந்த மாதிரிப் பிடிமானம் கிடையாது. அதனால் முதல் வருஷம் கால் ஏக்கர் கரும்பில் பாருங்கள். ஊரில் கொட்டாய் வைத்திருக்கிறவரிடம் வாடகைக்கு இரண்டு நாள் கேட்டு வாங்கிப் பாருங்கள். விற்கிற பையில் பெயர் போடுவதற்கு முன்னால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் கொட்டாயில் மார்கழியில் அடுப்பு பற்றவைக்கிறோம். தை வரைக்கும் பொங்கல் உருண்டைதான், அதில் மாற்றம் இல்லை. மாசியில் கரும்பு நன்றாக முற்றி நிற்கும்போது தூள். பங்குனி வெயிலில் சாய்ந்ததும் நின்றதுமாக மிச்சம் இருப்பதைப் பார்த்து, முன்பணம் வந்திருந்தால் பாகு. தூள் புரட்டுகிற அன்றைக்கு யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். காலையில் வாருங்கள், பத்து மணிக்கு மேல் அடுப்புச் சூட்டில் நிற்க முடியாது. நீராவிச் சாதனத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டுவேன். யாராவது அதை வாங்கிக்கொண்டால் இன்னும் சந்தோஷம்.